நான்தான் என்பதற்கு என்ன சாட்சி?

உங்கள் மின்னஞ்சல் முகவரியிலிருந்து உங்கள் நண்பருக்கு ஒரு மடல் போகிறது. வெளியூரில் மாட்டிக்கொண்டேன், பர்ஸ் தொலைந்துவிட்டது, அவசரமாகப் பணம் அனுப்பு என்று. அவர் சந்தேகப்பட்டு உங்களுக்கு போன் போடுகிறார். நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். பதறிப்போய்க் கணக்கைத் திறக்கப் பார்த்தால், கடவுச்சொல் தவறு என்கிறது திரை. 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிகிற ஒரு போன் எண்ணைக் காட்டி, இதற்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்கிறது. அந்த எண் உங்களுடையது இல்லை.

எத்தனையோ வருடமாக நீங்கள் வைத்திருக்கிற கணக்கு. வீட்டுக் கடன் கடிதம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, இறந்துபோன அப்பா கடைசியாக அனுப்பிய போட்டோ என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் உங்களை வெளியே நிறுத்திவிட்டு, நேற்று வந்தவனை உள்ளே உட்கார வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கணக்கை மீட்பதும், மீட்டதைக் காப்பதும் பாதி விளங்கிவிடும்.

கணினிக்கு உங்களைத் தெரியாது

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டுமே திறக்க வேண்டும். அதற்காக ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு கடவுச்சொல்லைக் கொண்டுவந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கியிருந்த கணினி நேரம் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி அந்தக் கணினிக்கே வேண்டுகோள் கொடுத்தார். அச்சாகி வந்தது. அடுத்தவர் பெயரில் உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தார்.

கடவுச்சொல் பிறந்து ஓரிரு வருடத்துக்குள் நடந்த இந்தத் திருட்டிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கணினி ஆளைப் பார்ப்பதில்லை. ஆள் கொண்டுவருகிற சான்றைத்தான் பார்க்கிறது. அதே சான்றை வேறு யார் நீட்டினாலும் கதவு திறக்கும்.

இன்று நல்ல நிறுவனங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணக்கு முறையில் போட்டு அரைத்து, வருகிற எழுத்துக் குவியலை மட்டும் வைத்துக்கொள்கின்றன. அதைச் 'சுவடு' என்று அழைப்போம். அரிசியை அரைத்தால் மாவு வரும், மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோலச் சுவட்டிலிருந்து கடவுச்சொல்லைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை தட்டச்சு செய்யும்போதும் புதிதாக அரைத்துப் பார்த்து, பழைய சுவட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறது கணினி. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இலேயே இந்த முறையை விளக்கி எழுதிவிட்டார்கள்.

ஆனால் எல்லா நிறுவனமும் அதைக் கேட்டு நடக்கவில்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியேறின. சுவடாக இல்லை, அப்படி அப்படியே. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. லிங்க்ட்இன் 2012இல் பறிகொடுத்த சுவடுகள் பலவீனமாக அரைக்கப்பட்டவை. திருடர்கள் லட்சக்கணக்கான சொற்களை முன்கூட்டியே அரைத்துப் பார்த்து, ஒத்துப்போனதை எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு கடையின் வலைத்தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை அதே ஆளின் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பது இன்றைக்கும் மிகச் சுலபமான திருட்டு. மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அதை மட்டும் செய்தாலே பெரிய கூட்டம் ஒன்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

சரி, கடவுச்சொல் மறந்துபோனால்? அங்கேதான் கதை தொடங்குகிறது.

2012 ஆகஸ்ட் 3, சான் ஃபிரான்சிஸ்கோ

மேட் ஹோனன் 'வயர்ட்' பத்திரிகையில் எழுதுகிறவர். தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவதே அவர் வேலை. அன்று மாலை வீட்டில் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது அவருடைய ஐஃபோன் திடீரென்று அணைந்தது. மறுபடி போட்டால், புதிதாகக் கடையில் வாங்கிய போன்போலத் தொடக்கத் திரையைக் காட்டியது. ஏதோ கோளாறு என்று நினைத்து மடிக்கணினியைத் திறந்தார். அது நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அப்படி ஓர் எண்ணை அவர் வைத்ததே இல்லை.

நடந்ததை அவர் பிறகு ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து எழுதினார். செய்த ஆளே அவரோடு பேசி விவரம் சொன்னதால், இவ்வளவு துல்லியமாகப் பதிவான திருட்டு வேறொன்றைக் காண்பது அரிது. அதை நிதானமாகப் பார்ப்போம்.

திருடர்களுக்கு வேண்டியிருந்தது ட்விட்டரில் அவர் வைத்திருந்த பெயர். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அவ்வளவு சிறிய பெயர் அபூர்வம், அதற்காகத்தான் இத்தனையும். ட்விட்டர் பக்கத்திலிருந்து அவருடைய சொந்த வலைத்தளத்துக்குப் போனார்கள். அங்கே ஜிமெயில் முகவரி இருந்தது. ஜிமெயிலின் மீட்புப் பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டதும், மாற்று முகவரி ஒன்றை நடு எழுத்துகள் மறைத்துக் காட்டியது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்தன. அது ஆப்பிள் தரும் அஞ்சல் முகவரி என்பதும் தெரிந்தது. மறைந்த எழுத்துகளை ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை.

இனி ஆப்பிள் கணக்கு. அந்த நாளில் ஆப்பிளின் உதவி மையத்துக்கு போன் செய்து, மின்னஞ்சல் முகவரி, பில் போகும் வீட்டு முகவரி, கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைச் சொன்னால் தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்துவிடுவார்கள். வீட்டு முகவரி எளிது. வலைத்தளத்தின் பெயரைப் பதிவு செய்தபோது அவர் கொடுத்த முகவரி பொதுப் பதிவேட்டில் இருந்தது. மிச்சம் அந்த நான்கு இலக்கம்.

அதற்கு அமேசான். முதல் போன்: நான்தான் கணக்குக்காரர், புதிதாக ஓர் அட்டையைச் சேர்க்க வேண்டும். பெயர், மின்னஞ்சல், வீட்டு முகவரி கேட்டார்கள். சொன்னான். ஓர் அட்டை எண் சேர்ந்தது. போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டான்: கணக்குக்குள் போக முடியவில்லை, வேறு மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்க வேண்டும். சரிபார்க்க ஓர் அட்டை எண் கேட்டார்கள். சற்று முன் தானே சேர்த்த அட்டையின் எண்ணைச் சொன்னான். புது முகவரி சேர்ந்தது. அந்த முகவரிக்குக் கடவுச்சொல் மாற்றும் மடலை வரவழைத்து உள்ளே போனால், ஹோனனின் உண்மையான அட்டைகளின் கடைசி நான்கு இலக்கம் திரையில் இருக்கிறது. திரையில் காட்டக்கூடிய சாதாரணத் தகவல் என்று அமேசான் நினைத்ததை, ஆளை அடையாளம் காட்டும் சான்று என்று ஆப்பிள் நினைத்தது.

மாலை 4:33க்கு ஆப்பிள் உதவி மையத்துக்கு போன் போனது. ஹோனன் முன்பு வைத்திருந்த பாதுகாப்புக் கேள்விகளுக்குக் கூப்பிட்டவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தற்காலிகக் கடவுச்சொல் கிடைத்தது. 4:52க்கு ஜிமெயிலின் மீட்பு மடல் ஆப்பிள் பெட்டிக்கு வந்தது. இரண்டே நிமிடத்தில் ஜிமெயில் கைமாறியது. 5 மணிக்கு ஐஃபோன் அழிந்தது, 5:01க்கு ஐபேட், 5:05க்கு மடிக்கணினி. தொலைந்த கருவியைத் தூரத்திலிருந்தே அழிப்பதற்கென்று ஆப்பிள் கொடுத்த வசதியைத்தான் பயன்படுத்தினார்கள், உரிமையாளர் கணக்குக்குள் நுழைந்து தங்களை வெளியேற்றிவிடக் கூடாது என்று. இதற்கு நடுவே 5:02க்கு ட்விட்டர். ஜிமெயில் கணக்கையே நீக்கினார்கள். ஹோனன் உதவி மையத்தைக் கூப்பிட்டபோது 5:10. எல்லாம் முடிந்திருந்தது.

மடிக்கணினியில் மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. தரவு மீட்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஆயிரத்து அறுநூறு டாலருக்கு மேல் கொடுத்துப் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்.

இந்தக் கதையில் எந்த இடத்திலும் யாரும் கடவுச்சொல்லை ஊகிக்கவில்லை, உடைக்கவில்லை. நான்கு நிறுவனங்களிலும் அவர்கள் நுழைந்தது ஒரே வழியாக, 'கடவுச்சொல் மறந்த உரிமையாளர்' என்ற வழியாக. மறந்துபோகிற மனிதருக்காக இரக்கத்தோடு வைத்த வழி அது. அதே வழிதான் திருடனுக்கும். எவ்வளவு எளிதாக உங்களால் மீட்க முடியுமோ அவ்வளவு எளிதாக அவனாலும் முடியும். அதைக் கடினமாக்கினால் நீங்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். மின்னஞ்சல் பாதுகாப்பில் மற்றதெல்லாம் இந்தச் சிக்கலுக்குப் பின்னால்தான் வருகிறது.

நான்கு வருடம் முன்னால், 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ கணக்கும் இப்படித்தான் போனது. மீட்புப் பக்கம் கேட்டவை பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்பவை. மூன்றும் இணையத்தில் கிடைத்தன. ஒரு கல்லூரி மாணவர் தேடி எடுத்தார், பிறகு சிறைக்கும் போனார். நம் ஊரில் அம்மாவின் ஊர் எது, படித்த பள்ளி எது என்று கேட்டால், தெருவில் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். அப்படிக் கேள்வி கேட்கிற இடங்களில் உண்மையான பதிலைக் கொடுக்காமல், சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்வதே மேல்.

முதல் அரை மணி நேரம்

உள்ளே நுழைந்தவன் என்ன செய்கிறான் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பொறிவைத்துப் பிடித்த கணக்குகளில் ஐந்தில் ஒன்று, கடவுச்சொல் திருடன் கைக்குப் போன 30 நிமிடத்துக்குள் திறக்கப்படுகிறது. முதல் மூன்று நிமிடம் போல, இந்தக் கணக்கில் ஏதாவது தேறுமா என்று மதிப்பிடுகிறான். பெட்டிக்குள் பணம், வங்கி தொடர்பான சொற்களைப் போட்டுத் தேடுகிறான். தேறும் என்று தோன்றினால் தங்கிவிடுகிறான். கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றுகிறான். பிறகு உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு எழுதுகிறான். உங்களிடமிருந்து வருவதால் அவர்கள் நம்புகிறார்கள். திருடு போன கணக்கின் தொடர்பில் இருப்பவர்களுடைய கணக்குகள் பறிபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு. உங்கள் கணக்கைக் காப்பது உங்கள் சித்தியையும் அலுவலக நண்பரையும் சேர்த்துக் காப்பதுதான்.

மீட்பது எப்படி

இப்போது நீங்கள் வெளியே நிற்கிறீர்கள், அவன் உள்ளே. இருவரும் 'நான்தான் உரிமையாளர்' என்கிறீர்கள். நிறுவனத்தின் நிரலுக்கு உங்கள் இருவரையும் தெரியாது. ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பழக்கம்.

எந்தக் கருவியிலிருந்து இத்தனை நாள் நுழைந்தீர்கள், எந்த ஊரிலிருந்து, எந்த இணைய இணைப்பிலிருந்து என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதனால் மீட்புப் படிவத்தை வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்தே, வீட்டு வைஃபையிலிருந்தே நிரப்புங்கள். பதற்றத்தில் நண்பர் வீட்டுக்கோ பிரவுசிங் சென்டருக்கோ ஓடினால், உங்கள் பெரிய சான்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். கணினியில் உளவு நிரல் புகுந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் அதைத் தொடாமல், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்து பழகிய போனைப் பயன்படுத்துங்கள். நினைவிருக்கிற கடைசிக் கடவுச்சொல்லைக் கேட்டால், அவன் மாற்றுவதற்கு முன் இருந்ததைக் கொடுங்கள். பழைய கடவுச்சொல்லும் ஒரு சாட்சிதான். பதில் உறுதியாகத் தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகாமல், முடிந்தவரை கிட்டத்தில் வரும் பதிலைக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது துணை, காலம். கூகுள் கணக்கில் மீட்பு எண்ணோ மீட்பு முகவரியோ மாற்றப்பட்டாலும், பழைய எண்ணிலோ முகவரியிலோ 7 நாள்வரை குறியீடு பெறும் வாய்ப்பு கிடைக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லாப் பாதுகாப்பு விவரங்களையும் ஒருவர் ஒரேயடியாக மாற்ற முயன்றால் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். நாமே மாற்றும்போது இந்தத் தாமதம் எரிச்சல் தரும். ஆனால் பழைய முகவரிக்கு எச்சரிக்கை வந்து, உண்மையான உரிமையாளர் விழித்துக்கொள்ள அந்த நாட்கள்தான் இடம் கொடுக்கின்றன. திருடனுக்கு அவசரம், உரிமையாளருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தைச் சான்றாக்கிய யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகவே 'உங்கள் கணக்கில் மாற்றம் நடந்திருக்கிறது' என்று ஒரு மடல் வந்தால் அன்றே பாருங்கள். ஆனால் அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நீங்களே கணக்கைத் திறந்து பாருங்கள். அதே வாசகத்தில் போலி மடல்களும் வருகின்றன.

பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் கேட்பது கடைசியில் உங்கள் போனுக்கு வரும் குறியீட்டைத்தான். மீட்கும் முயற்சி நடக்கும்போதே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், நெருங்கியவர்களுக்கு போன் செய்துவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும். தாமதமான ஒவ்வொரு மணியும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடும். ஒருவருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருடம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

மாற்றிய பிறகும் எப்படி உள்ளே இருக்கிறான்?

உள்ளே வந்தாயிற்று, கடவுச்சொல்லை மாற்றியாயிற்று. பெரும்பாலோர் இத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து வங்கி மடல் ஒன்று காணாமல் போகும்போதுதான் சந்தேகம் வருகிறது.

நீங்கள் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், ஒவ்வொரு மடலுக்கும் மறுபடி கேட்காமல் இருப்பதற்காக உங்கள் பிரவுசரிடம் ஒரு நீளமான ரகசிய எழுத்துக் கோவையைக் கொடுத்து வைக்கிறது வலைத்தளம். இதை 'நுழைவுச் சீட்டு' எனலாம். சீட்டு கையில் இருக்கிறவரை கடவுச்சொல் தேவையில்லை. கணினியில் புகும் உளவு நிரல்கள் பல இந்தச் சீட்டுகளைத்தான் அள்ளிக்கொண்டு போகின்றன. யாஹூவில் ஊடுருவியவர்கள் சீட்டுகளைப் போலியாகவே தயாரித்துக் கடவுச்சொல் இல்லாமல் கணக்குகளைத் திறந்தார்கள் என்று அந்த நிறுவனமே பின்னர் தெரிவித்தது. அதனால் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தானைத் தேடி அழுத்துங்கள். எழுதிக்கொடுத்த சீட்டெல்லாம் செல்லாமல் போகும்.

அடுத்து அமைப்புகளுக்குள் போய் வடிகட்டி, அதாவது ஃபில்டர் பக்கத்தைத் திறங்கள். நீங்கள் எழுதாத விதி ஒன்று அங்கே இருக்கலாம். பார்க்கச் சாதாரணமாக, ஒரே வரியில் இருக்கும்: மடலில் 'வங்கி' என்ற சொல் இருந்தால், படித்ததாகக் குறி, இன்பாக்ஸில் வைக்காதே, குப்பைக்கு அனுப்பு. இதனால்தான் எச்சரிக்கை மடல் எதுவுமே உங்கள் கண்ணில் படவில்லை. பக்கத்திலேயே ஃபார்வர்டு என்ற பகுதி. வருகிற எல்லா மடலின் நகலும் வேறொரு முகவரிக்குப் போகும்படி அவன் வைத்திருக்கலாம். நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அசையாது. பதில் போகும் முகவரியையும் பாருங்கள். உங்கள் முகவரியைப் போலவே ஓர் எழுத்து மட்டும் மாறியதாக அது இருக்கும். நீங்கள் அனுப்பும் மடலுக்கு வரும் பதில் அவனிடம் போய்ச் சேரும். கணக்கோடு இணைந்திருக்கும் செயலிகளின் பட்டியல் இன்னொரு ஒளிவிடம். 2017 மே மாதத்தில் 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலிச் செயலி அனுமதி கேட்டு மடல் மடலாகப் பரவியது. அனுமதி கொடுத்தவர்கள் யாரும் கடவுச்சொல்லை இழக்கவில்லை. ஆனாலும் அவர்கள் பெட்டி திறந்துகிடந்தது. தெரியாத செயலி எதுவானாலும் நீக்கிவிடுங்கள். மீட்பு எண், மீட்பு முகவரி இரண்டிலும் உங்களுடையது மட்டும் இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள்.

குப்பைத் தொட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். ஜிமெயிலில் அங்கே போனவை 30 நாள் இருக்கும். அவன் எந்தெந்தக் கணக்குகளுக்குக் கடவுச்சொல் மாற்றும் மடல் வரவழைத்தான் என்பது பெரும்பாலும் அங்கே கிடக்கும். அடுத்து எங்கெங்கே பூட்டை மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அதுவே.

ஆறு இலக்கம் எங்கிருந்து வருகிறது

மறுபடி வராமல் தடுக்க இரண்டாவது சான்று வேண்டும். தெரிந்த ஒன்றோடு, கையில் இருக்கும் ஒன்று. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அது உங்கள் சிம்மை நம்பியிருக்கிறது. போலி ஆவணம் காட்டி உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் குறியீடும் அங்கே போய்விடும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாளுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்று விதி வந்திருப்பதற்கு இந்த மோசடிதான் காரணம். போனில் திடீரென்று சிக்னலே இல்லாமல் போய், நேரமாகியும் வரவில்லை என்றால் உடனே விசாரியுங்கள்.

சிம்மே தேவைப்படாத வழி, குறியீடு காட்டும் செயலி. இணையம் இல்லாத இடத்திலும் அது 30 வினாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்கம் காட்டுவதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். அது யாரையும் கேட்பதில்லை. தொடக்கத்தில் நீங்கள் படம்பிடித்த அந்தக் கட்டம்போட்ட க்யூஆர் சதுரத்துக்குள் ஒரு ரகசிய எண் இருந்தது. அது உங்கள் போனிலும் நிறுவனத்திடமும் மட்டும் இருக்கிறது. கடிகாரம் இருவருக்கும் பொது. 1970 ஜனவரி 1இலிருந்து இதுவரை எத்தனை அரை நிமிடம் கடந்திருக்கிறது என்று இருவரும் எண்ணுகிறார்கள். உதாரணமாக 2023 நவம்பர் 15 அன்று இந்திய நேரம் அதிகாலை 3:43இலிருந்து முதல் 30 வினாடிக்குரிய எண் 5,66,66,666. இந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து அரைத்து, வருவதிலிருந்து ஆறு இலக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இரு பக்கமும் ஒரே பொருளை ஒரே விதமாக அரைப்பதால் ஒரே விடை. அடுத்த அரை நிமிடத்தில் கடைசி இலக்கம் 7 ஆகும், விடை தலைகீழாக மாறும். பத்து லட்சம் வாய்ப்புகளில் ஒன்றை அரை நிமிடத்துக்குள் ஊகிக்க வேண்டுமென்றால் திருடன் வேறு வேலையைப் பார்ப்பான்.

ஆனால் நீங்களே கொடுத்துவிட்டால்? அச்சு அசலாக ஜிமெயில் போலவே ஒரு போலிப் பக்கம். கடவுச்சொல்லைக் கேட்கிறது, குறியீட்டையும் கேட்கிறது, நீங்கள் தட்டியதும் அந்த அரை நிமிடத்துக்குள் உண்மையான பக்கத்தில் போட்டு நுழைந்துவிடுகிறது. கூகுள் 2019இல் வெளியிட்ட கணக்கு இதைக் காட்டுகிறது. குறுஞ்செய்திக் குறியீடு, தானியங்கி நிரல்கள் எல்லாவற்றையும் தடுத்தது. மொத்தமாக அனுப்பிய போலி மடல்களில் 96 சதவீதத்தைத் தடுத்தது. ஒருவரைக் குறிவைத்து நடத்திய தாக்குதலில் 76 சதவீதம்தான். போன் திரையில் 'நீங்கள்தானா?' என்று கேட்டு அழுத்தச் சொல்லும் முறை, குறிவைத்த தாக்குதலில் 90 சதவீதம். பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறிய கருவி மூன்றிலும் நூற்றுக்கு நூறு.

அந்தச் சாவியின் சிறப்பு, அது வலைத்தளத்தின் பெயரைத் தானே படித்துப் பார்ப்பதுதான். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு முகவரிகள் அதற்கு வேறு வேறு. உண்மையான தளத்துக்கென்று உருவான ரகசியம் போலித் தளத்தில் வேலையே செய்யாது. நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. இதே நுட்பம் இப்போது 'பாஸ்கீ' என்ற பெயரில் போனுக்குள்ளேயே வந்துவிட்டது. விரல் ரேகை வைத்தால் போதும். வயதான பெற்றோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நூறு முறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சொல்வதற்கு எதுவுமே இல்லாமல் செய்துவிடுவது அவர்களுக்கு நிம்மதி.

போனே தொலைந்துவிட்டால்

இவ்வளவு பலமான பூட்டைப் போட்டுவிட்டு போனை ஆட்டோவில் விட்டுவிட்டால் மறுபடி வெளியே நிற்பது நீங்கள்தான். மறுபடி அந்த மீட்பு வழி. பூட்டு எவ்வளவு உறுதியானதோ, திருடனின் கண் அவ்வளவுக்கு இந்த வழியின் மேல் திரும்பும். ஹோனன் கதைக்குப் பிறகு சில நாளிலேயே அமேசானும் ஆப்பிளும் போன் வழி மாற்றங்களை நிறுத்தியது இதனால்தான்.

இரண்டு மின்னஞ்சல் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்றை மீட்பு முகவரியாகப் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஒன்று போனால் இரண்டும் போகும். மீட்பு முகவரியாக வைத்திருக்கும் கணக்குக்கும் அதே அளவு பாதுகாப்பு வேண்டும். பத்து வருடம் முன் திறந்து, கடவுச்சொல்கூட மறந்துபோன பழைய கணக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, பத்திரம், ஆதார் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். போட்டோ எடுத்து மின்னஞ்சலிலேயே போட்டு வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு குறியீடும் ஒரே முறைதான் செல்லும்.

ஆப்பிள் 2021இல் 'மீட்புத் தொடர்பாளர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளலாம். கணக்கு பூட்டிக்கொண்டால் அவருடைய கருவியில் ஒரு குறியீடு வரும், அதை வாங்கி நீங்கள் உங்கள் திரையில் போட வேண்டும். அவருக்கு உங்கள் மடலும் போட்டோவும் தெரியாது. நீங்கள்தான் நீங்கள் என்று சாட்சி சொல்ல மட்டும் அவரால் முடியும். யாரை நியமிப்பது என்று யோசிக்கும்போது, ஒரே வீட்டில் இருப்பவரோடு வேறு ஊரில் இருக்கும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: குறியீடு கேட்டு வாட்ஸ்அப்பிலோ மடலிலோ செய்தி வந்தால் பதில் போட வேண்டாம், போன் போட்டு என் குரலைக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.